சனிக்கிழமை வராதவர்கள்

2010 வாக்கில் அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்ச்சி மாணவன். ஃபீஸ் கட்ட வழியில்லாத எல்லா ஆராய்ச்சி மாணவர்களையும்போல நானும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துத்தான் காலம் தள்ளினேன். புள்ளியியல், காலை எட்டு மணி. எடுக்கிறவனுக்கும் பிடிக்காது, கேட்கிறவனுக்கும் பிடிக்காது.

முதல் வரிசையில் ஒரு பையன் உட்காருவான். ஆறடி நாலங்குலம் இருப்பான். அந்த ஒற்றை நாற்காலி மேசைக்குள் அவன் கால் அடங்காது என்பதால் நடைபாதையில் நீட்டியிருப்பான், முழங்கால்மேல் ஐஸ் பை. வகுப்பு தொடங்கிய பதினைந்தாவது நிமிடம் தூங்கிவிடுவான். பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியில் இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள் (நம்மூர்க் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதும் அமெரிக்க ஆட்டம்). எனக்கு எரிச்சலாக இருந்தது. ஃபீஸ் இல்லை, சாப்பாடு இலவசம், ஊரே கொண்டாடுகிறது, இதில் வகுப்பில் தூக்கம் வேறு! ஒருநாள் கூப்பிட்டு, மூன்று வகுப்புக்கு மேல் மட்டம் போட்டால் மதிப்பெண் குறையும், தூங்கினாலும் மட்டம் போட்ட கணக்குத்தான் என்றேன்.

அவன் கோபப்படவில்லை. ஐந்து மணிக்கே ஜிம்மில் நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னான். அப்புறம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்: "உங்கள் வகுப்புக்கு வரவில்லையென்றால் மார்க் போகும். அங்கே போகவில்லையென்றால் நான் ஊருக்கே போக வேண்டியதுதான்."

இயந்திரப் பொறியியல் படிக்கும் ஆசையில் வந்தவன் அவன். பிற்பகல் லேபும் பிராக்டீஸும் மோதுகின்றன என்று ஓர் ஆலோசகர் வேறு பாடத்துக்கு மாற்றிவிட்டிருந்தார். அதைப் பெரிய குறையாகவும் அவன் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது, அடுத்ததில் ஏறினேன் என்பதுபோல் சொன்னான்.

அந்தப் பருவம் முடிந்ததும் அவன் வேறு வகுப்புக்குப் போனான், நான் ஆய்வேட்டுக்குள் போனேன். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னோடு தங்கிவிட்டது. அங்கே போகவில்லையென்றால் என்ன ஆகும்? ஒருவன் போகாவிட்டால் அவனுக்கு ஆபத்து, சரி. எல்லோருமாகச் சேர்ந்து போகாவிட்டால்?

இந்த ஆட்டத்தின் பொருளாதாரத்தை நம்மவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கல்லூரி விளையாட்டு என்றதும் நம் மனதில் வருவது மண்டல அளவிலான போட்டி, ஒரு ஷீல்டு, பிரின்சிபால் கைகுலுக்கும் புகைப்படம். அமெரிக்காவில் அப்படி இல்லை. சனிக்கிழமை பிற்பகல் ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. தொலைக்காட்சி உரிமம் கோடிக்கணக்கான டாலருக்கு விலைபோகிறது. பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் கவர்னர் அல்ல, மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச். மைதானத்தில் முட்டி மோதும் பிள்ளைகளுக்கு மட்டும் அண்மைக்காலம்வரை சம்பளம் கிடையாது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, அவ்வளவுதான். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வகுப்பறையில் கறுப்பின மாணவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஃபுட்பால், கூடைப்பந்து அணிகளில் தேட வேண்டியதில்லை, பாதிப்பேர் அவர்கள்தான்.

இவர்களுக்கு 'மாணவ விளையாட்டு வீரர்' என்று ஒரு பெயர் உண்டு. கேட்க மரியாதையான பெயர். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் நிர்வாக இயக்குநர் வால்டர் பையர்ஸும் அவருடைய ஆட்களும் 1950-களில் உருவாக்கியது. ஏன் உருவாக்கினார்கள் என்பதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்: காயம்பட்ட வீரர்கள் 'நாங்களும் தொழிலாளர்கள்' என்று நஷ்டஈடு கேட்டு வந்துவிடக் கூடாது. அந்தப் பயம் கற்பனை அல்ல. கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சிறு கல்லூரியின் வீரர் ரே டெனிசன் 1955-இல் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லையாம்.

ஆக, இவர்கள் செய்வது வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வேலைநிறுத்தமும் இல்லை. அதனால்தான் இவர்கள் ஆட மாட்டோம் என்று உட்காரும்போது பத்திரிகைகள் அதைப் 'புறக்கணிப்பு' என்கின்றன, 'எதிர்ப்பு' என்கின்றன, 'குழப்பம்' என்கின்றன. தொழிற்சங்க வாசனை வீசும் ஊரில் வளர்ந்த என் காதுக்கு அது ஸ்டிரைக்காகத்தான் கேட்கிறது.

2015 நவம்பர் 7, சனிக்கிழமை இரவு. நான் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தேன். ட்விட்டரில் ஒரு படம். முப்பது பேர் இருக்கும், கறுப்பின இளைஞர்கள், கைகளைக் கோத்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் ஒரு மாணவர். மிசௌரி பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்கள் அவர்கள். பல்கலைக்கழக அமைப்பின் தலைவர் டிம் வொல்ஃப் பதவி விலகும்வரை அல்லது விலக்கப்படும்வரை ஃபுட்பால் சம்பந்தப்பட்ட எதிலும் கலந்துகொள்ள மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

நடுவில் நின்றவர் ஜொனாதன் பட்லர், ஆராய்ச்சி மாணவர். நவம்பர் 2-ஆம் தேதியிலிருந்து உண்ணாவிரதம் இருந்தார். அந்த இலையுதிர்காலம் முழுக்க கொலம்பியா நகரில் இருந்த அந்த வளாகம் கொதித்துக்கொண்டிருந்தது. செப்டம்பரில் மாணவர் சங்கத் தலைவர் பேட்டன் ஹெட், தன்னைப் பார்த்து ஒரு வண்டியிலிருந்து இனவசைச் சொல்லைக் கத்தினார்கள் என்று எழுதினார். அக்டோபரில் ஹோம்கமிங் என்ற முன்னாள் மாணவர் விழா ஊர்வலத்தில் மாணவர்கள் வொல்ஃபின் காரை மறித்து நின்று, 1839-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் இனப்பாகுபாட்டு வரலாற்றை வருடம் வருடமாகச் சொன்னார்கள். அவர் காரைவிட்டு இறங்கவே இல்லை. அவர்கள் இயக்கத்தின் பெயரிலேயே ஒரு வருடம் உண்டு: 'கன்சர்ன்ட் ஸ்டூடன்ட் 1950'. முதல் கறுப்பின மாணவருக்கு அந்தப் பல்கலைக்கழகம் கதவைத் திறந்த வருடம் 1950. கதவு திறக்க நூற்றுப்பதினோரு வருடம் ஆகியிருக்கிறது. மைக்கேல் பிரவுன் 2014 ஆகஸ்டில் போலீஸ் குண்டுக்குப் பலியான ஃபெர்கூசன் அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான். மாணவர்கள் பலர் அங்கே போய் நின்றுவிட்டு வந்தவர்கள்.

(ஒரு சின்னக் குறிப்பு, என் இனத்தாருக்காக. 2015 ஆகஸ்டில் அந்தப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி மாணவர்களின் மருத்துவக் காப்பீட்டு மானியத்தைக் கடைசி நேரத்தில் வெட்டியிருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கினார்கள். பட்லர் அந்தப் போராட்டத்திலும் இருந்தார். ஆராய்ச்சி மாணவனின் வயிற்றெரிச்சலை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.)

ஊர்வலம், மனு, பேச்சுவார்த்தை, கூடாரம், உண்ணாவிரதம் எல்லாம் நடந்தும் நிர்வாகம் அசையவில்லை. ஒரு மாணவர் ஆறு நாள் சாப்பிடாமல் கிடந்தது தேசியச் செய்தியாகவில்லை. சனிக்கிழமை இரவு அந்தப் படம் வந்தது. ஞாயிறு கோச் கேரி பிங்கல், நான் என் வீரர்களோடு நிற்கிறேன் என்று அணி முழுவதும் சேர்ந்து நிற்கும் படத்தைப் போட்டார். வெள்ளையினத்தவர், கறுப்பினத்தவர் எல்லோரும் அதில் இருந்தார்கள். திங்கள் காலை வொல்ஃப் ராஜினாமா செய்தார். அன்று மாலைக்குள் கொலம்பியா வளாகத்தின் வேந்தர் ஆர். போவன் லாஃப்டினும் பதவியைவிட்டுப் போவதாக அறிவித்தார்.

அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 14, கான்சஸ் சிட்டி ஆரோஹெட் மைதானத்தில் ஓர் ஆட்டம் இருந்தது. மிசௌரி அதில் ஆடாமல் போனால் எதிரணிக்கு 10 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஒப்பந்தம். வொல்ஃபின் வருடச் சம்பளம் அதில் பாதிகூட இல்லை. பிங்கலின் சம்பளம் 40 லட்சத்துக்கு மேல். இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், யார் போவார் என்பதற்குப் புள்ளியியல் தேவையில்லை.

எதிரணி யார் என்று பார்த்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரிகாம் யங் பல்கலைக்கழகம். யூட்டா மாநிலத்தில் மார்மன் திருச்சபை என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவு நடத்தும் பல்கலைக்கழகம். 2015-இல் அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. அட்டவணையில் அந்த வாரம் அவர்கள் பெயர் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் கறுப்பின வீரர்கள் 'ஆட மாட்டேன்' என்று சொன்ன வரலாற்றில் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

1978 வரை மார்மன் திருச்சபையில் கறுப்பின ஆண்கள் குருத்துவம் பெற முடியாது. அங்கே குருத்துவம் என்பது சாமியாருக்கு மட்டும் உரியதல்ல. பன்னிரண்டு வயது தாண்டிய எந்தப் பையனுக்கும் கிடைக்கக்கூடியது, கறுப்பினப் பையன்கள் நீங்கலாக. 1960-களின் கடைசியில், அந்தப் பல்கலைக்கழகத்தோடு போட்டியிட நேர்ந்த கறுப்பின வீரர்களுக்கு இது உறுத்தத் தொடங்கியது. 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாட்களில், எல் பாசோவில் இருந்த டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் தடகள வீரர்கள் சிலர் பிரிகாம் யங்குக்கு எதிராகப் போட்டியிட மறுத்தார்கள். அணியிலிருந்து தூக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பாப் பீமன். ஆமாம், அதே பீமன்தான். கல்லூரியில் கோச் இல்லாமல் போனதால் சக தாண்டுவீரர் ரால்ஃப் பாஸ்டன் பார்த்துக்கொண்டார். அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 8.90 மீட்டர் தாண்டியதை நாம் பொது அறிவுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு முன் ஸ்காலர்ஷிப் போனவர் அவர் என்று அதில் போடவில்லை.

இந்த 'வராமல் இருக்கும்' வித்தையை ஓர் உத்தியாகவே யோசித்தவர் ஹாரி எட்வர்ட்ஸ். சான் ஹோசே ஸ்டேட் கல்லூரியில் வட்டெறிதல் வீரராக இருந்து, பிறகு அங்கேயே சமூகவியல் கற்பித்தவர். மைதானத்தில் கைதட்டும் ஊர், கறுப்பின வீரர்களுக்கு வாடகைக்கு வீடு தராது. 1967-இல் பருவத்தின் முதல் ஃபுட்பால் ஆட்டத்தையே நடக்கவிடமாட்டோம் என்று எட்வர்ட்ஸும் மாணவர்களும் அறிவித்தார்கள். கல்லூரித் தலைவர் ராபர்ட் கிளார்க் ஆட்டத்தை ரத்து செய்தார். அப்போது கலிபோர்னியா கவர்னராக இருந்த ரொனால்ட் ரீகன் கொதித்தார். மறுவருடம் மெக்சிகோ மேடையில் கறுப்புக் கையுறையோடு கை உயர்த்திய டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் இதே கல்லூரிப் பிள்ளைகள்தான். அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதற்கு முந்தைய வருடம் நடக்காமல்போன ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நடக்காத ஆட்டத்துக்குப் படம் ஏது.

இப்போது வயோமிங். 1969 அக்டோபர். லாரமி என்ற சிறு நகரம், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,200 அடி உயரத்தில் காற்று அள்ளிக்கொண்டு போகும் சமவெளி. அங்கே மாநிலப் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி மூன்று வருடம் தொடர்ந்து மண்டல சாம்பியன். அந்த வருடம் நான்கு ஆட்டம், நான்கும் வெற்றி. கோச் லாயிட் ஈட்டன் சொல்வதுதான் சட்டம். அணியில் பதினான்கு கறுப்பின வீரர்கள். அடுத்த ஆட்டம், 18-ஆம் தேதி சனிக்கிழமை, பிரிகாம் யங்கோடு.

முந்தைய வருடம் அவர்களோடு ஆடியபோது வசவு வாங்கியது இவர்களுக்கு நினைவிருந்தது. இப்போது வளாகத்தின் கறுப்பின மாணவர் அமைப்புத் தலைவர் வில்லி பிளாக் திருச்சபையின் விதியைப் பற்றி எடுத்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை பதினான்கு பேரும் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு கோச்சைப் பார்க்கப் போனார்கள். நம்மூரில் கறுப்பு பேட்ஜ் என்போமே, அதுதான். அரசு ஊழியர் குத்திக்கொண்டு பகல் முழுக்க வேலையும் பார்த்துவிட்டுப் போகிற, இருப்பதிலேயே மென்மையான போராட்டம். இவர்கள் ஆட மறுக்கவும் இல்லை. ஆட்டத்தில் இந்தப் பட்டையை அணியலாமா, வேறு எப்படியாவது எங்கள் மனதைக் காட்டலாமா என்று கேட்கத்தான் போனார்கள். கேட்கும் முன்பே கட்டிக்கொண்டு போனது ஒன்றுதான் அவர்கள் செய்த பிழை, அதைப் பிழை என்று சொல்ல முடியுமானால்.

போராட்டங்களில் கலந்துகொள்ளக் கூடாது என்று ஈட்டன் ஒரு விதி வைத்திருந்தார். அதை மூன்று கேப்டன்களில் ஒருவரான ஜோ வில்லியம்ஸிடம் ஏற்கெனவே நினைவூட்டியும் இருந்தார். பதினான்கு பேரையும் உள்ளரங்கின் மேல் படிக்கட்டு இருக்கைகளுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அவர்களைப் பேசவிடாமலே, நீங்கள் யாரும் அணியில் இல்லை என்றார். கிராம்ப்ளிங், மோர்கன் ஸ்டேட் போன்ற கறுப்பர் கல்லூரிகளுக்கே போய்விடுங்கள் என்கிற தொனியில் பேசினார் என்று வீரர்கள் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிரவு பல்கலைக்கழக அறங்காவலர்கள் அவசரமாகக் கூடினார்கள். கவர்னர் ஸ்டான் ஹாத்தவேயும் வந்தார். விடியவிடியப் பேசி, கோச் சொன்னதே சரி என்றார்கள். மறுநாள் பதினான்கு பேர் இல்லாத வயோமிங் அணி 40-7 என்று பிரிகாம் யங்கை நொறுக்கியது. ஊர் ஆரவாரம் செய்தது. அவர்கள் இல்லாமலும் ஜெயிக்கலாம் என்று அந்த ஒருநாள் நிரூபித்துவிட்டதாக நினைத்தார்கள்.

அடுத்த வாரம் லாரமிக்கு ஆட வந்த அணி எது தெரியுமா? சான் ஹோசே ஸ்டேட். எட்வர்ட்ஸின் கல்லூரி. அவர்களுடைய வீரர்கள் பதினான்கு பேருக்கு ஆதரவாகக் கையில் பட்டை கட்டிக்கொண்டு ஆடினார்கள். அதிலும் வயோமிங் ஜெயித்தது. பிறகு அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அடுத்த வருடம் பத்து ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. அத்தோடு ஈட்டன் கோச் வேலையை விட்டார். கறுப்பின வீரர்கள் பலர் அந்தப் பக்கம் வர விரும்பவில்லை, பல வருடங்களுக்கு.

நீதிமன்றக் கதைதான் எனக்கு இதில் மிகவும் வயிற்றெரிச்சல். அதே 1969 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிவந்த அயோவா பள்ளிப் பிள்ளைகளைப் பள்ளி இடைநீக்கம் செய்தது தவறு, பள்ளி வாசலில் யாரும் பேச்சுரிமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதில்லை என்று. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கிடைத்த அந்த உரிமை இவர்களுக்குக் கிடைக்கவில்லை. 11 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். 1972 வரை இழுத்தடித்துத் தோற்றார்கள். காரணம் இது: மாநிலப் பல்கலைக்கழக வீரர்கள் ஒரு மதத்தின் நம்பிக்கைக்கு எதிரான சின்னத்தை அணிந்தால், அரசு மதவிஷயத்தில் நடுநிலையாக இருக்க வேண்டும் என்ற அரசியலமைப்புக் கடமை கெட்டுவிடும். அதாவது அந்தச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்கும்போது அவர்கள் அரசின் ஆட்கள். முட்டி உடைந்து நஷ்டஈடு கேட்டால் மட்டும் மாணவர்கள்.

பதினான்கு பேரில் டோனி மெக்கீ வேறு கல்லூரிக்குப் போய், தொழில்முறை ஆட்டத்தில் பதினான்கு வருடம் நீடித்தார். ஜோ வில்லியம்ஸ் டாலஸ் கௌபாய்ஸ் அணிக்குப் போனார். மெல் ஹாமில்டன் ஆசிரியராகி, அதே வயோமிங் மாநிலத்தில் பள்ளி முதல்வரானார். அதுதான் என்னை ஆச்சரியப்படுத்துகிறது, அந்த மாநிலத்திலேயே இருந்தது. மற்ற பலருக்கு ஃபுட்பால் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்துபோனது.

1969-ஐயும் 2015-ஐயும் பக்கத்தில் வைத்தால், நாடு திருந்திவிட்டது என்று சொல்லத் தோன்றும். எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. என் கணக்கு வேறு. லாரமியில் கோச் எதிராக நின்றார், மிசௌரியில் பக்கத்தில் நின்றார். பிங்கல் நல்ல மனிதராக இருக்கலாம். அதோடு, அவர் வருடா வருடம் ஆள் எடுக்க ஊர் ஊராகக் கறுப்பினத் தாய்மார்களின் வீட்டு வரவேற்பறையில் போய் உட்கார்ந்து பழகியவர். ஈட்டனுக்கு நடந்ததை இந்தத் தொழிலில் இருக்கும் எந்தக் கோச்சும் மறக்கவில்லை. இன்னொன்று, லாரமியில் பதினான்கு பேர் அனுமதி கேட்டார்கள். மிசௌரியில் யாரும் அனுமதி கேட்கவில்லை. வர மாட்டோம் என்று சொன்னார்கள், அதுவும் ஆட்டத்துக்கு ஏழு நாள் முன்பாக, கணக்குப் போட நிர்வாகத்துக்கு நேரம் கொடுத்து.

மிசௌரி ஜெயித்தது என்பதையும் நான் சந்தேகத்தோடுதான் சொல்கிறேன். ஆட்டத்தில் 20-16 என்று ஜெயித்தார்கள், அது சரி. டிசம்பரிலேயே மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ரிக் பிராட்டின் ஒரு மசோதா கொண்டுவந்தார். உடல்நலக் காரணம் இல்லாமல் ஆட மறுக்கும் வீரரின் ஸ்காலர்ஷிப்பைப் பறிக்க வேண்டும், ஆதரிக்கும் கோச்சுக்கு அபராதம். எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார். ஆனால் அந்த மசோதா ஓர் உண்மையை எழுத்தில் போட்டுவிட்டது: படிக்கத்தான் ஸ்காலர்ஷிப் என்றால் ஆடாததற்கு அதை ஏன் பிடுங்க வேண்டும்? இரண்டு வருடத்தில் அந்த வளாகத்தின் முதலாண்டு மாணவர் சேர்க்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. போராட்டத்தைப் பார்த்துப் பயந்த வெள்ளைக் குடும்பங்களும் வரவில்லை, போராடக் காரணமான சூழலைப் பார்த்துப் பயந்த கறுப்பினக் குடும்பங்களும் வரவில்லை.

2020 கோடையில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு, இந்தக் குரல் பல இடங்களில் கேட்டது. மிசிசிப்பி ஸ்டேட் அணியின் முன்னணி ஓட்ட வீரர் கைலின் ஹில், அடிமைமுறைக்காக உள்நாட்டுப் போர் நடத்திய தென்மாநிலக் கூட்டமைப்பின் சின்னம் உள்ள மாநிலக் கொடியை மாற்றாவிட்டால் இந்த மாநிலத்துக்காக இனி ஆட மாட்டேன் என்று ட்வீட் போட்டார். எட்டு நாளில் கொடி போய்விட்டது. அவர் ஒருவரால் மட்டும் அல்ல, விளையாட்டு அமைப்புகளும் வணிகர்களும் திருச்சபைகளும் சேர்ந்து நெருக்கினார்கள். ஆனாலும் 126 வருடம் பறந்த கொடி அது.

டெக்சஸில் அப்படி நடக்கவில்லை. ஆஸ்டின் வளாகத்து வீரர்கள் 'தி ஐஸ் ஆஃப் டெக்சஸ்' என்ற பல்கலைக்கழகப் பாட்டை மாற்றக் கேட்டார்கள். வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலிசெய்யும் நிகழ்ச்சியில் 1903-இல் முதலில் பாடப்பட்டது அது. மைதானத்துக்குக் கறுப்பின நட்சத்திரங்களின் பெயரை வைத்தார்கள், முதல் கறுப்பின வீரருக்குச் சிலை வைத்தார்கள், பாட்டை மட்டும் விடவில்லை. நன்கொடையாளர்கள் பல்கலைக்கழகத் தலைவருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் பிறகு வெளிவந்தன. பாட்டை எடுத்தால் பணம் நிறுத்துவோம் என்பதுதான் சாரம். ஆக, வராமல் இருப்பது அவர்களுக்கும் தெரிந்த வித்தைதான். அவர்களிடம் வராமல் போவது காசு.

இப்போது வீரர்களுக்கும் காசு வருகிறது. 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று என்சிஏஏ-வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த வருடம் ஜூலையிலிருந்து விளம்பரங்களில் சம்பாதிக்கலாம். 2025-இல் வந்த சமரசத் தீர்வின்படி பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம், ஒரு பல்கலைக்கழகம் வருடத்துக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் வரை. ஆனாலும் தொழிலாளர் என்ற பெயர் இன்னும் வரவில்லை. நல்லதுதான், என் வகுப்பில் ஐஸ் பையோடு உட்கார்ந்த பையனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று எனக்கு ஆற்றாமைகூட. ஆனால் காசு வாங்கியவன் வரமாட்டேன் என்று சொல்வது கூடுமா குறையுமா என்று என்னால் கணிக்க முடியவில்லை. நண்பர் ஒருவர் கூடும் என்கிறார், இப்போதுதான் அவர்களுக்குப் பேரம் பேசத் தெரியும் என்று. நான் குறையும் என்கிறேன். விளம்பரம் தரும் கம்பெனிக்குக் கறுப்புப் பட்டை பிடிக்காது.

சில வருடங்களுக்கு முன் 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே காரில் போனபோது லாரமியில் இறங்கினேன். வழியில் வேறு ஊர் இல்லாததும் ஒரு காரணம். வார் மெமோரியல் மைதானத்தில் பதினான்கு பேருக்கு ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். 2019 செப்டம்பரில், ஐம்பது வருடம் கழித்து, பல்கலைக்கழகம் அவர்களை அழைத்து எழுத்துப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்தவர்களில் பலர் வந்திருந்தார்கள், எழுபதை எட்டிய முதியவர்களாக. மறுவருடம் அவர்களும் மார்மன் திருச்சபையும் சேர்ந்து பல நகரங்களில் ஏழைகளுக்கு உணவுப் பொருள் விநியோகித்தார்கள். யோசனை வீரர்களுடையது, லாரிகள் திருச்சபையுடையவை. இதைப் படித்தபோது எனக்கு உடனே மனம் நிறைந்துவிடவில்லை. பெருந்தன்மையாக இருக்கும் வேலையும் அவர்கள் தலையிலேயே விழுந்ததே என்றுதான் தோன்றியது. மன்னிப்பு வாங்கியவர்கள் அவர்கள். நான் யார் குறைசொல்ல?

நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆட்டம் கிடையாது. காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தேன். கோடு போட்ட புல்தரை, இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக இருக்கைகள், ஓர் ஆள் இல்லை. டிக்கெட் கவுன்டர் மூடியிருந்தது. ஒரு ஊழியர் வந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். சனிக்கிழமை வாருங்கள், நன்றாக இருக்கும் என்றார்.